டம்ளரில் ஒரு வேளை: வாசகர் கேள்வி – பதில்

போன மாதம் ஒரு வாசகிக்கு, "டப்பாவில் வருகிற பவுடரை வாங்காமலே வீட்டில் மாவுச்சத்து குறைந்த பானம் செய்து ஒரு வேளைச் சாப்பாட்டை ஒப்பேற்றலாம்" என்று இரண்டே வரியில் பதில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். அந்த இரண்டு வரிக்கு வந்த கடிதங்கள் என் மேஜையை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. பெரும்பாலும் புதுச்சேரி, கடலூர்ப் பக்கத்திலிருந்து வந்தவை. ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. 2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) ஆய்வில் சர்க்கரை நோய் அதிகமுள்ள இடங்களில் கோவா 26.4 சதவீதத்தோடு முதலில் நிற்கிறது, அடுத்ததாக 26.3 சதவீதத்தோடு நம் புதுச்சேரி. வளர்ந்தவர்களில் நாலில் ஒருவருக்கு மேல். ஆகவே இந்த இதழ் முழுக்க இந்த ஒரு விஷயம்தான், ரவிக்கைக் கறை எப்படிப் போக்குவது என்று கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணவருக்குச் சுகர். ராத்திரி இட்லி, தோசையை நிறுத்திவிட்டுச் சத்துமாவுக் கஞ்சி கொடுக்கிறேன். ராகி, கம்பு, கோதுமை, பயறு என்று பதினெட்டு வகை போட்டு நானே அரைத்தது, கடை மாவு இல்லை. ஆனாலும் ஒரு மாதத்தில் சாப்பிட்ட பின் எடுக்கிற சுகர் கூடியிருக்கிறது. ஏன்?
– ஒரு வாசகி, லாஸ்பேட்டை

நீங்கள் டிபனை நிறுத்தவில்லை அம்மா, அதைக் கரைத்துக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். ராகியில் 100 கிராமுக்கு ஏறக்குறைய 70 கிராம் மாவுச்சத்து. கம்பு அதைவிடக் கொஞ்சம் குறைவு, கோதுமை ஏறக்குறைய ராகிக்குச் சமம். பதினெட்டு வகை போட்டாலும் அதில் பத்து வகை தானியமாக இருந்தால் கணக்கு மாறாது. உங்கள் கஞ்சிக்கு 40 கிராம் மாவு என்று வைத்தால் அதிலேயே 27, 28 கிராம் வந்துவிடுகிறது. ஒரு டம்ளர் பால் சேர்த்தால் அதிலுள்ள பால் சர்க்கரை ஒரு 9, 10 கிராம். இனிப்புக்கு நாட்டுச் சர்க்கரை இரண்டு ஸ்பூன் போட்டீர்களா? (போட்டிருப்பீர்கள், கடிதத்தில் எழுதவில்லை.) அது இன்னொரு 8 கிராம். மொத்தம் 45-ஐத் தொடுகிறது, நாலு இட்லிக்குக் குறையாது. இட்லியாவது சாம்பாரோடும் சட்னியோடும் மென்று, மெதுவாக உள்ளே போகும். நைசாக அரைத்து, வேகவைத்து, நீர்க்கக் கரைத்த மாவு வயிற்றில் தங்குகிற நேரம் கம்மி, சர்க்கரை சட்டென்று ரத்தத்துக்கு வந்துவிடும்.

சத்துமாவு கெட்டது என்று நான் சொல்லவில்லை, பால்குடி மறந்த பிள்ளைக்கும் பிரசவமானவளுக்கும் அது நல்ல சாப்பாடுதான். மாவுச்சத்தைக் குறைக்க வேண்டியவருக்கு அது சரிப்படாது. பொட்டுக்கடலை மாவும் இதே ரகம்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். அதில் புரதம் 100 கிராமுக்கு 20-க்கு மேல் இருப்பது உண்மை, ஆனால் மாவுச்சத்தும் 55-க்கு மேல் இருக்கிறது, நாரைக் கழித்தாலும் 40 மிஞ்சும். ஒரு ஸ்பூன் கெட்டிப்படுத்தச் சேர்க்கலாம், டம்ளரையே அதால் நிரப்பக் கூடாது.

சரி, தானியம் வேண்டாம் என்றால் வேறு எதைப் போடுவது? நாங்கள் சைவம், முட்டையும் கிடையாது. ஆன்லைனில் புரோட்டீன் டப்பா வாங்க வசதியும் இல்லை, விருப்பமும் இல்லை. மளிகைக் கடையில் கிடைப்பதை வைத்து அளவோடு ஒன்று சொல்லுங்கள்.
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

இதுதான் நான் எதிர்பார்த்த கேள்வி. முதலில் பத்து ரூபாய்க் கணக்கு மாதிரி ஒன்றை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்: ஒரு கிராம் மாவுச்சத்துக்கு 4 கிலோகலோரி, ஒரு கிராம் புரதத்துக்கும் 4, ஒரு கிராம் கொழுப்புக்கு 9. ஒரு வேளைச் சாப்பாட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்கிற பானத்தில் இந்த மூன்றையும் கூட்டினால் ஒரு வேளைக்கான அளவு வர வேண்டும். எடை குறைப்பதற்கான உணவுகளுக்கு கோடெக்ஸ் என்கிற உலக உணவுத் தர அமைப்பு 1991-ல் ஒரு வரம்பு வைத்தது. ஒரு வேளைக்குப் பதில் என்று விற்கிற பொருள் 200-லிருந்து 400 கிலோகலோரிக்குள் இருக்க வேண்டும், அதில் கால் பங்காவது புரதத்திலிருந்து வர வேண்டும். பலர் வீட்டில் அடிக்கிற பானம் வெள்ளரிக்காய், புதினா, எலுமிச்சை, ஒரு ஸ்பூன் சப்ஜா விதை என்று 40, 50 கலோரியில் நின்றுவிடுகிறது. அதற்குப் பேர் சாப்பாடு இல்லை, பட்டினி. காலையில் அதைக் குடித்துவிட்டுப் பதினோரு மணிக்கு ஆபீஸ் வாசலில் இரண்டு வடை தின்பவர்களை எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு காலத்தில் நானும் அதில் ஒருத்தி.

ஒருவருக்கு ஒரு வேளைக்கு இப்படிப் போடுங்கள். வறுத்துத் தோல் நீக்கிய வேர்க்கடலை 25 கிராம், பன்னீர் 50 கிராம், புளிக்காத கெட்டித் தயிர் 100 கிராம், லேசாக வறுத்த ஆளி விதை 10 கிராம். கூடவே ஒரு சின்னத் துண்டு இஞ்சி, கறிவேப்பிலை ஒரு கொத்து, வறுத்த சீரகம், உப்பு. முதலில் ஆளி விதையையும் கடலையையும் தண்ணீர் இல்லாமல் பொடித்துக்கொண்டு, அப்புறம் பன்னீரும் தயிரும் போட்டு அடித்து, கடைசியில் 150 மில்லி குளிர்ந்த தண்ணீர் ஊற்றி ஒரு சுற்று விட்டால் பெரிய டம்ளர் நிறைய, நீர்மோருக்கும் தேங்காய்ச் சட்னிக்கும் நடுவில் ஒரு ருசியில் வரும். உடனே குடித்துவிட வேண்டும். ஆளி விதை ஊற ஊறக் கொழகொழவென்று ஆகிவிடும், பத்து நிமிஷம் போன் பேசிவிட்டு வந்தால் ஸ்பூனால் எடுத்துச் சாப்பிட வேண்டியதுதான்.

இதில் புரதம் ஏறக்குறைய 21 கிராம், மாவுச்சத்து 13, அந்த 13-ல் 5 கிராம் நார், மொத்தம் 400 கிலோகலோரியை ஒட்டி வருகிறது. கோடெக்ஸ் சொல்கிற கால் பங்குப் புரதத்துக்கு ஒரு முழம் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். அந்தத் தரம் கொழுப்பை 30 சதவீதத்துக்குள் நிறுத்தச் சொல்கிறது, நம்முடையது அதைத் தாராளமாகத் தாண்டும். மாவுச்சத்தையும் குறைத்து, கொழுப்பையும் குறைத்தால் மிஞ்சுவது புரதப் பவுடர்தான், நீங்கள் அது வேண்டாம் என்கிறீர்கள். ஆகவே கொலஸ்ட்ராலுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் பன்னீருக்குப் பதில் கொழுப்பெடுத்த பாலில் வீட்டிலேயே திரித்த பன்னீரைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. சமையலறைத் தராசு ஒன்று வாங்கி வையுங்கள், தங்கம் நிறுக்கிற துல்லியமெல்லாம் தேவையில்லை, ஒரு கிராம் காட்டினால் போதும். "ஒரு கைப்பிடி வேர்க்கடலை" என்று நம் ஊரில் சொல்வது என் கையில் 25 கிராம், என் மைத்துனர் கையில் 60. இதுவே 200 கிலோகலோரி வித்தியாசம். வேர்க்கடலையில் சுருங்கினது, கறுத்தது, பூசணம் பூத்தது, வாயில் போட்டால் கசக்கிறது எல்லாவற்றையும் பொறுக்கி எறியுங்கள். அதில் இருக்கக்கூடிய அஃப்லாடாக்ஸின் என்ற நஞ்சு ஈரலைத் தாக்கும், வறுத்தாலும் போய்விடாது.

பன்னீர் திரித்த பிறகு வடிகிற தண்ணீர்தான் வே புரோட்டீன், கடையில் ஆயிரக்கணக்கில் விற்பது அதைத்தான் என்று ஜிம்மில் சொல்கிறார்கள். நான் தினமும் அரை லிட்டர் குடிக்கிறேன். சரிதானே?
– ஒரு வாசகர், வில்லியனூர்

பாதி சரி தம்பி. வே என்பது அந்தத் தண்ணீரின் பெயர்தான். ஆனால் அதில் நூற்றுக்கு ஒரு பங்கு கூடப் புரதம் கிடையாது. நீங்கள் பாலைக் கொதிக்கவைத்து எலுமிச்சை பிழிந்தபோதே வே புரதத்தில் பெரும்பகுதி சூட்டில் உருமாறிப் பன்னீரோடு ஒட்டிக்கொண்டு போய்விடுகிறது. தண்ணீரில் தங்குவது பால் சர்க்கரை, நூற்றுக்கு நாலரையிலிருந்து ஐந்து வரை. உங்கள் அரை லிட்டரில் புரதம் மிஞ்சிப்போனால் நாலு கிராம், சர்க்கரை 22, 25 கிராம். மாவுச்சத்தைக் குறைக்கிறேன் என்று ஆரம்பித்துத் தினமும் ஐந்து ஸ்பூன் சர்க்கரையைக் குடிக்கிறீர்கள். கம்பெனிகள் அந்தத் தண்ணீரைச் சல்லடைக்கும் சல்லடையான சவ்வுகளில் வடிகட்டி, சர்க்கரையை நீக்கி, உலர்த்திப் பொடியாக்குகின்றன, அது அடுப்பங்கரையில் நடக்கிற வேலை இல்லை. அந்தத் தண்ணீரைச் சப்பாத்தி மாவு பிசைய வைத்துக்கொள்ளுங்கள், மாவு மிருதுவாக வரும். பன்னீரைச் சாப்பிடுங்கள்.

எங்க ஊர் முந்திரியைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லையே! பாதாம், ஆளி விதை என்று வெளியூர்ச் சாமானையே எல்லாரும் சொல்கிறார்கள். முந்திரிப் பால் பானம் செய்யலாமா? பலாக்கொட்டை மாவு?
– ஒரு வாசகி, பண்ருட்டி

கோபம் நியாயம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்து உங்கள் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவள் நான். மறுபடி நட்டுக் காய்க்க வைத்தவர்களின் முந்திரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் தராசு தராசுதான். முந்திரியில் 100 கிராமுக்கு 30 கிராம் மாவுச்சத்து, நார் மூன்று கிராம்தான். பாதாமில் 22, அதில் பாதிக்கு மேல் நார். வேர்க்கடலையில் 16, அதில் பாதி நார், புரதமோ முந்திரியைவிடக் கூட. கொட்டைகளில் கொஞ்சம் இனிப்பாக இருப்பது முந்திரிதான் என்பதை நாக்கே சொல்லும்.

அதனால் முந்திரியை அடிப்படையாக வைக்காமல், வழவழப்புக்கு வையுங்கள். மேலே சொன்ன பானத்தில் வேர்க்கடலையை 20 கிராமாகக் குறைத்து ஊறவைத்த முந்திரி ஐந்தாறு, அதாவது 8 கிராம், சேர்த்தால் பானம் பாயசம் மாதிரி இறங்கும், மாவுச்சத்து ஒன்று ஒன்றரை கிராம்தான் கூடும். உடைந்த முந்திரி போதும், முழு முந்திரிக்குக் காசு கொடுத்து மிக்ஸியில் உடைப்பானேன். பலாக்கொட்டை முழுக்க மாவு, சாம்பாரில் போட்டுச் சாப்பிடுங்கள், இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம். பலாச்சுளையைப் பற்றிக் கேட்காததற்கு நன்றி.

மகன் காலையில் ஜிம்முக்குப் போய் வந்து நாலு பச்சை முட்டையைப் பாலில் அடித்துக் குடிக்கிறான், அதோடு காலைச் சாப்பாடு முடிந்தது என்கிறான். பச்சையாகக் குடித்தால்தான் சத்தாமே?
– ஒரு தாய், திருப்பாதிரிப்புலியூர்

அவனிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். பெல்ஜியத்தில் 1998-ல் அளந்து பார்த்தார்கள். சின்ன ஆய்வுதான், ஆனால் வித்தியாசம் பெரிது. வேகவைத்த முட்டையின் புரதத்தில் 90 சதவீதம் உடம்பில் சேர்ந்தது, பச்சை முட்டையில் 51 சதவீதம்தான். நாலு முட்டை குடித்து இரண்டு முட்டைப் பலன். போதாததற்கு சால்மோனெல்லா கிருமி வந்தால் மூன்று நாள் ஜிம் பக்கமே போக முடியாது, பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் என்கிற புரதம், பயோட்டின் என்ற வைட்டமினையும் பிடித்துவைத்துக்கொள்ளும்.

பானமாகத்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் இதைச் செய்து கொடுங்கள், எனக்கே பிடித்தது இதுதான். மூன்று முட்டையை நன்றாக நுரைக்க அடித்துத் தனியே வையுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் தட்டின மிளகு, சீரகம், பூண்டு, உப்பு போட்டுக் கொதிக்கவிட்டு, ஒன்றரை டம்ளராகச் சுண்டியதும் வடிகட்டுங்கள். அந்தச் சுடுநீரை ஒரு கையால் நூல் மாதிரி முட்டையில் ஊற்றிக்கொண்டே மறு கையால் விடாமல் அடிக்க வேண்டும், அவசரப்பட்டு மொத்தமாகக் கொட்டினால் முட்டைப் பொரியல்தான். இனி திரும்ப அடுப்பில் வைத்துச் சின்னத் தீயில், கரண்டியின் முதுகில் ஒட்டுகிற பதம் வரும்வரை கிளறி (தெர்மாமீட்டர் இருந்தால் 71 டிகிரி), இறக்கித் தேங்காயின் முதல் பால் 100 மில்லி சேருங்கள். கொதிக்க விடவே கூடாது. புரதம் 20 கிராமை ஒட்டி, மாவுச்சத்து ஐந்தாறு கிராம், 400 கிலோகலோரிக்கு மேல் கொஞ்சம் வரும். மழைக் காலத்தில் தொண்டைக்கு இதமாக இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை, அனுபவத்தில் சொல்வது. கட்டி தட்டிவிட்டதே என்று இந்தச் சூடான பானத்தை மிக்ஸி ஜாரில் ஊற்றி மூடியை அழுத்திச் சுவிட்சைப் போட்டேன். ஆவி உள்ளே பொங்கி மூடி கூரைக்குப் பறந்தது. கையில் கொப்புளம், சுவரில் மஞ்சள் கறை, அந்தக் கறை இன்னும் இருக்கிறது. ஆறின பிறகு அடியுங்கள், இல்லை கைமத்தால் கடையுங்கள்.

சுரங்கத்தில் நைட் ஷிப்ட். கேன்டீனில் ராத்திரி கிடைப்பது பரோட்டா, லெமன் சாதம். எடுத்துப்போகிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள். ஃபிரிட்ஜ் வசதி இல்லை.
– ஒரு வாசகர், நெய்வேலி

அடித்து எடுத்துப்போக வேண்டாம். நம் ஊர் வெக்கையில் தேங்காய்ப் பாலோ முட்டைப் பானமோ இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால் நான் உத்தரவாதம் தரமாட்டேன். பொடியாகக் கொண்டுபோய் அங்கே கலக்குங்கள்.

வேர்க்கடலை 200 கிராம், பாதாம் 100, வெள்ளைப் பூசணி விதைப் பருப்பு 100 (புதுச்சேரியில் பெரிய மார்க்கெட்டைச் சுற்றியுள்ள நாட்டு மருந்துக் கடைகளில் கேளுங்கள், உங்கள் ஊரிலும் அதே மாதிரிக் கடையில்தான் கிடைக்கும்), எள் 50, ஆளி விதை 50. தனித்தனியாக வறுக்க வேண்டும், எள் பொரிகிற நேரமும் பாதாம் சிவக்கிற நேரமும் ஒன்றில்லை. நன்றாக ஆறவைத்து, முடிந்தால் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து, அப்புறம் மிக்ஸியில் விட்டு விட்டு அடியுங்கள், ஐந்து வினாடி ஓட்டி நிறுத்தி, கிளறி, மறுபடி ஐந்து வினாடி. ஒரேயடியாக ஓட்டினால் ஜார் சூடாகி எண்ணெய் கக்கிப் பொடிக்குப் பதில் உருண்டை பிடிக்கிற பதத்தில் வந்து நிற்கும். அப்படி வந்தால் கெட்டுப்போகவில்லை, உப்பைப் போட்டு உருண்டையே பிடித்துக்கொள்ளுங்கள். வறுத்த சீரகம், மிளகு, உப்பு, கொஞ்சம் பெருங்காயம் சேர்த்தால் பருப்புப் பொடி வாசனையே வந்துவிடும்.

50 கிராம் பொடியில் 12 கிராம் புரதம், மாவுச்சத்து 9, அதில் பாதிக்கு மேல் நார், 290 கிலோகலோரி. இதை டப்பாவில் போட்டுக்கொண்டு, 200 கிராம் தயிரைக் கடைந்து ஒரு டம்ளர் தண்ணீர் விட்ட கெட்டி மோரை ஐஸ்கட்டியோடு பிளாஸ்கில் எடுத்துப்போய், பசிக்கும்போது ஒரு பாட்டிலில் இரண்டையும் போட்டுக் குலுக்கிக் குடியுங்கள். மொத்தம் 400-ஐத் தாண்டிக் கொஞ்சம், புரதம் 19. ராத்திரி வேலைக்கு அது காணவில்லை என்றால் கூட ஒரு அவித்த முட்டை. வியர்த்துக் கொட்டுகிற வேலை, மாவுச்சத்தும் குறைந்தால் உடம்பு உப்பையும் நீரையும் கூடுதலாக வெளியே தள்ளும், ரத்த அழுத்தம் இல்லாதவர் என்றால் மோரில் உப்பைக் குறைக்காதீர்கள். முதல் வாரத் தலைவலி பலருக்கு இதனால்தான்.

பொடி பத்து நாளைக்கு மட்டும், ஃபிரிட்ஜில், கண்ணாடி பாட்டிலில். ஒரு தடவை மாதத்துக்கு ஆகட்டும் என்று ஒரு கிலோ அரைத்து வைத்தேன், மூன்றாம் வாரம் திறந்தால் பழைய பெயின்ட் டப்பா வாடை. எண்ணெய்ச் சத்து அதிகமுள்ள விதைகள், அதிலும் ஆளி விதை, பொடித்த கையோடு சிக்கடிக்க ஆரம்பித்துவிடும்.

இனிப்பில்லாமல் இறங்கவில்லை. கருப்பட்டி, தேன், பேரீச்சம்பழம், இளநீர் – எது பரவாயில்லை?
– ஒரு வாசகி, முத்தியால்பேட்டை

எதுவும் பரவாயில்லை என்று சொல்ல முடியாது. முதல் மூன்றும் வேறு வேறு சட்டை போட்ட சர்க்கரை. இளநீர் ஒரு டம்ளருக்கு எட்டொன்பது கிராம். பட்டைத்தூள், ஏலக்காய், சுக்கு இவை நாக்கை ஓரளவு ஏமாற்றும். சீனித்துளசி ஒரு சிட்டிகைக்கு மேல் போனால் கசக்கும். ஆனால் "சுகர் ஃப்ரீ" பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படியுங்கள், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று எழுதியிருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள், அது குளுக்கோஸ் மாதிரியே சுகரை ஏற்றும். என் யோசனை, உப்புப் பக்கம் வந்துவிடுங்கள். மோர்ச் சுவைக்கு நாக்கு பழகப் பத்து நாள்கூட ஆகாது.

அப்பாவுக்கு 64 வயது. சுகருக்கு மூன்று மாத்திரை, ராத்திரி இன்சுலின். உங்கள் பானத்தை ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பதில் நாளையிலிருந்தே கொடுக்கலாமா?
– ஒரு வாசகர், பாகூர்

கொடுக்காதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள், ஜிப்மரில் காட்டினாலும் சரி, தெருமுனை கிளினிக்கில் காட்டினாலும் சரி.

அந்த மருந்துகளின் அளவு அவர் வழக்கமாகச் சாப்பிடுகிற மூன்று தோசைக்கு வைத்தது. மருந்து அப்படியே இருக்க, தோசையை எடுத்துவிட்டு 13 கிராம் மாவுச்சத்து கொடுத்தால் நடுராத்திரி சுகர் 70-க்குக் கீழே இறங்கலாம். இன்சுலினும், கிளிமிபிரைடு, கிளிக்ளாசைடு வகை மாத்திரைகளும் இதைச் செய்யக்கூடியவை. நடுக்கம், குப்பென்ற வியர்வை, படபடப்பு, உளறல் வந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, பதினைந்து நிமிஷம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். மாத்திரைப் பெயர் "கிளிஃப்ளோசின்" என்று முடிந்தால் (டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின்) அது வேறு விதம். மாவுச்சத்தை ரொம்பக் குறைத்தால் ரத்தத்தில் அமிலம் சேரும் ஆபத்து, அதில் கொடுமை என்னவென்றால் சுகர் அவ்வளவாக ஏறாமலே அது வரலாம், மெஷினைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் புரதத்தின் அளவையும் அவர்கள்தான் சொல்ல வேண்டும். டாக்டரிடம் போகும்போது இந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு போங்கள், "கிராம் இவ்வளவு" என்று காட்டினால் மருந்தை எவ்வளவு குறைப்பது என்று அவர் கணக்குப் போட வசதியாக இருக்கும்.

தங்கை கல்யாணம் வைகாசியில். மூன்று வேளையும் பானம் மட்டும் குடித்துப் பத்து கிலோ குறைக்க உத்தேசம். தோழி ஸ்பைருலினா (பாசிப் பொடி) சேர்த்தால் வேறு எதுவும் வேண்டாம் என்கிறாள்.
– ஒரு வாசகி, அரியாங்குப்பம்

ஒரு வேளை, வேண்டுமானால் கொஞ்ச நாளைக்கு இரண்டு வேளை. மூன்றும் வேண்டாம். 1970-களின் கடைசியில் அமெரிக்காவில் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த புரதத் திரவத்தை மட்டும் குடித்து எடை குறைக்கிற மோகம் பரவி, இளம் பெண்கள் உட்பட ஏறக்குறைய 60 பேர் இறந்தார்கள், பலர் இதயத் துடிப்பு தாறுமாறாகி. நம் பானம் அவ்வளவு மட்டமில்லைதான், ஆனாலும் மூன்று வேளையும் அதே நாலு சாமான் என்றால் கீரையும் காயும் எங்கே வரும்? மலச்சிக்கல் வரும், முடி கொட்டும். எடை மளமளவென்று இறங்கினால் பித்தப்பையில் கல் வேறு. கல்யாணத்துக்கு முடி முக்கியமில்லையா?

ஸ்பைருலினா நல்ல பொருள்தான், அதன் எடையில் பாதிக்கு மேல் புரதம். ஆனால் ஒரு டீஸ்பூன் பொடி 3 கிராம், அதில் புரதம் இரண்டு கிராமுக்குள். உங்களுக்கு ஐசிஎம்ஆர் கணக்குப்படி கிலோவுக்கு 0.83 கிராம், 60 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 50 கிராம் புரதம் தேவை. அதை ஸ்பைருலினாவில் எடுக்க வேண்டுமானால் தினமும் முப்பது ஸ்பூனுக்குக் கிட்ட. பச்சைக் குளம் மாதிரி வாடை அடிக்கும் அதை ஒரு ஸ்பூனே மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் தினமும் மீன். நான் சாதத்தைக் குறைத்துக்கொண்டு இரண்டு துண்டு மீனும் காயும் கூடுதலாகச் சாப்பிடுகிறேன், சுகர் நன்றாகத்தான் இருக்கிறது. மருமகள் உங்கள் பகுதியைப் படித்துவிட்டு, "அத்தை, நீங்களும் பானத்துக்கு மாறுங்கள்" என்கிறாள். மாறணுமா?
– ஒரு வாசகி, கடலூர் முதுநகர்

எதற்கு? 100 கிராம் மத்தியிலோ கானாங்கெளுத்தியிலோ 20 கிராமை ஒட்டிப் புரதம் இருக்கிறது, மாவுச்சத்து இல்லவே இல்லை. துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது, சமைக்க ஆள் இருக்கிறது, உட்கார்ந்து சாப்பிட நேரம் இருக்கிறது. இந்தப் பானமெல்லாம் பஸ்ஸில் ஓடுகிறவர்களுக்கும், பல் போனவர்களுக்கும், ராத்திரி கேன்டீன் பரோட்டாவிலிருந்து தப்பிக்கப் பார்க்கிறவர்களுக்கும். குழம்புக்குப் புளியை அளந்து கரைக்கிற மாதிரி சாதத்தையும் அளந்து போட்டால் போதும், பொரிக்கிற மீனுக்கு மைதா, அரிசி மாவு தடவாதீர்கள். மருமகளுக்குத்தான் வேலைக்குப் போகிற அவசரம் என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த வேர்க்கடலைப் பொடியை அவளுக்கு அரைத்துக் கொடுங்கள்.